இணையதளத்துக்கு யார் வருகிறார்கள், ஏன் வாங்காமல் போகிறார்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சின்னக் கடைகள், பயிற்சி மையங்கள், வீட்டிலிருந்தே தொழில் செய்கிறவர்கள் என்று பலருடைய இணையதளங்களைப் பார்த்துக்கொடுப்பது என் வேலை. தளத்துக்கு வருகிறவர்களை எண்ணிக் காட்டும் கூகுள் அனலிட்டிக்ஸைத் திறந்ததும் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். விளக்குவதற்கு வசதியாக, ஈரோட்டில் ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடை ஆன்லைனில் விற்பதாக வைத்துக்கொள்வோம். அந்தக் கடையின் எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான்.

1. அனலிட்டிக்ஸ் போட்டாச்சு. தினமும் 200 பேர் வர்றாங்கன்னு காட்டுது. இது நல்லதா, கெட்டதா?

அந்த எண்ணை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. வந்தவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? எண்ணெய்க் கடைக்கு அது ஆர்டர். டியூஷன் சென்டருக்கு போன் அழைப்பு. கல்யாண மண்டபத்துக்குத் தேதி விசாரிப்பு. அதை முதலில் முடிவு செய்யுங்கள், இரண்டுக்கு மேல் வேண்டாம். அனலிட்டிக்ஸில் அதை 'கீ ஈவென்ட்' என்று குறித்துவைக்கலாம். 2024 வரை அதற்கு 'கன்வெர்ஷன்' என்று பெயர்.

குறித்த பிறகு பாருங்கள், படம் மாறிவிடும். எண்ணெய்க் கடைக்கு வரும் 200 பேரில் 150 பேர் 'ஆயில் புல்லிங் செய்வது எப்படி' என்ற கட்டுரையைப் படித்துவிட்டுப் போகிறார்கள், ஒருவரும் வாங்குவதில்லை. 40 பேர் நேராக நல்லெண்ணெய்ப் பக்கத்துக்கு வருகிறார்கள், அதில் நான்கு பேர் வாங்குகிறார்கள். நாளைக்கு அந்தக் கட்டுரை கூகுளில் கீழே இறங்கினால் மொத்தக் கூட்டம் பாதிக்கும் கீழே போகும், வியாபாரம் அப்படியே இருக்கும். நல்லெண்ணெய்ப் பக்கத்துக்கு வருகிறவர்கள் 40-இலிருந்து 20 ஆனால் மொத்தத்தில் அது தெரியவே தெரியாது, கல்லாவில்தான் தெரியும்.

2. பேஜ் வியூ, செஷன், யூசர்னு மூணு எண் இருக்கு. எதைப் பார்க்கணும்?

ஒருவர் ஒரு முறை வந்து நான்கு பக்கம் பார்த்தால் ஒரு யூசர், ஒரு செஷன், நான்கு பேஜ் வியூ. முப்பது நிமிடம் எதையும் தொடாமல் இருந்துவிட்டுத் திரும்ப வந்தால் புது செஷன். அதே ஆள் ராத்திரி லேப்டாப்பில் வந்தால் புது யூசர், ஏனென்றால் எண்ணப்படுவது பிரவுசரில் இருக்கும் குக்கீ (தளம் அங்கே வைத்துவிட்டுப் போகும் சின்ன அடையாளக் கோப்பு), ஆள் அல்ல. ஐபோன் சஃபாரியில் இப்படிப்பட்ட குக்கீகள் பெரும்பாலும் ஏழு நாளில் அழிந்துவிடும். பத்து நாள் கழித்து வரும் பழைய வாடிக்கையாளரும் புதியவராகத்தான் பதிவாவார்.

வியாபாரத் தளம் என்றால் செஷனை எடுத்துக்கொள்ளுங்கள். 'நூறு செஷனுக்கு எத்தனை ஆர்டர்' என்ற கணக்கு எளிதாக வரும்.

3. ஹோஸ்டிங் பேனல்ல 9,000 விசிட்னு இருக்கு. அனலிட்டிக்ஸ் 2,100-னு சொல்லுது. எது பொய்?

இரண்டும் வேறு வேறு பொருளை எண்ணுகின்றன. ஹோஸ்டிங் பேனல் சர்வரின் பதிவேட்டைப் படிக்கிறது. கூகுள், பிங் தேடுபொறிகளின் பாட்கள் (ஆள் இல்லாமல் தானாகவே தளங்களைப் பார்த்துவரும் புரோகிராம்கள்), உங்கள் தளத்தில் ஓட்டை தேடும் புரோகிராம்கள், ஏ.ஐ. நிறுவனங்கள் அனுப்பும் பாட்கள் எல்லாம் அதில் பதிவாகும். அனலிட்டிக்ஸ் பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓடினால்தான் எண்ணும், தெரிந்த பாட்களைக் கழித்தும்விடும். விளம்பரத் தடுப்பான் வைத்திருக்கும் நிஜ ஆட்கள் சிலரும் அதில் விட்டுப்போவார்கள்.

நிஜம் அனலிட்டிக்ஸ் எண்ணுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் என்று வைத்துக்கொண்டு வேலையைப் பாருங்கள். போன மாதத்தை எந்தக் கருவியில் அளந்தீர்களோ அதே கருவியில் இந்த மாதத்தையும் அளந்தால் போதும்.

4. எங்களுக்கு ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்லயும் போன்லயும்தான். அதையெல்லாம் கணக்கெடுக்க முடியுமா?

பேசிய பேச்சை எண்ண முடியாது, பட்டனைத் தட்டியதை எண்ணலாம். வாட்ஸ்அப் லிங்க் உங்கள் தளத்துக்கு வெளியே போவதால் ஜி.ஏ.4 (கூகுள் அனலிட்டிக்ஸின் இப்போதைய பதிப்பு) அதை 'வெளியே போன கிளிக்' என்று தானாகவே பதிவு செய்யும். 'என்ஹான்ஸ்டு மெஷர்மென்ட்' என்ற வசதி திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். போன் நம்பரைத் தட்டுவதை எண்ண, கூகுளின் டேக் மேனேஜர் என்ற துணைக் கருவியில் ஒரு விதி எழுத வேண்டும். தெரிந்தவருக்கு அரை மணி நேர வேலை.

அப்புறம் ஒரு சின்ன உத்தி. வாட்ஸ்அப் லிங்க்கிலேயே முதல் செய்தியை எழுதிவைக்கலாம். நல்லெண்ணெய்ப் பக்கத்தில் 'நல்லெண்ணெய் விலை வேண்டும்', கடலை எண்ணெய்ப் பக்கத்தில் 'கடலை எண்ணெய் விலை வேண்டும்' என்று வைத்தால், எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்பது செய்தியைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். எந்த மென்பொருளும் வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்த அளவுகோல் இது.

5. பாதிக்கு மேல 'டைரக்ட்'னு காட்டுதே, அவ்வளவு பேர் எங்க முகவரியை டைப் பண்ணியா வர்றாங்க?

இல்லை. எங்கிருந்து வந்தார் என்ற தகவல் கிடைக்காத எல்லோரையும் அனலிட்டிக்ஸ் 'டைரக்ட்' என்ற மூட்டையில் போட்டுக் கட்டிவிடுகிறது. முகவரியை டைப் செய்தவர்கள் அதில் ஒரு பகுதிதான். வாட்ஸ்அப் குரூப்பில் வந்த லிங்க்கைத் தட்டியவர், குறுஞ்செய்தியிலிருந்து வந்தவர், பில்லில் அச்சடித்த கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்தவர், பி.டி.எஃப். விலைப்பட்டியலிலிருந்து வந்தவர் எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள்.

நம் ஊரில் லிங்க் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான் ஓடுகிறது என்பதால் இந்த மூட்டை பெரிதாக இருப்பதில் ஆச்சரியமில்லை. உள்ளே யார் என்று ஊகிக்க ஒரு வழி உண்டு. டைரக்டில் வந்தவர்கள் முதலில் இறங்கிய பக்கம் எது என்று பாருங்கள். முகப்புப் பக்கம் என்றால் பெயர் தெரிந்து வந்தவராக இருக்கலாம். நீளமான முகவரி உள்ள ஒரு பொருளின் பக்கம் என்றால் அதை யாரும் கையால் டைப் செய்திருக்க மாட்டார்கள். யாரோ யாருக்கோ ஃபார்வர்ட் செய்திருக்கிறார்கள். மற்றவர்கள் ஃபார்வர்ட் செய்வதை நம்மால் கட்டுப்படுத்த முடியாது. நாம் அனுப்பும் லிங்க்குகளையாவது அடையாளத்தோடு அனுப்பலாம். அது அடுத்த கேள்வி.

6. லிங்க் பின்னாடி யூ.டி.எம். ஒட்டணும்னு சொல்றாங்க. அது என்ன, எப்படி?

பக்கத்தின் முகவரிக்குப் பின்னால் ஒட்டும் அடையாளச் சீட்டு. 2005-இல் கூகுள் வாங்கிய அர்ச்சின் என்ற நிறுவனத்தின் மென்பொருள்தான் கூகுள் அனலிட்டிக்ஸாக மாறியது. யூ.டி.எம். என்பதில் முதல் எழுத்து அந்த அர்ச்சினுடையது. மூன்று விவரம் போதும்: எங்கிருந்து (வாட்ஸ்அப்), எந்த வகை (பிராட்காஸ்ட்), எதற்காக (தீபாவளி 2025). கூகுளே தரும் 'கேம்பெயின் யூ.ஆர்.எல். பில்டர்' பக்கத்தில் இவற்றை நிரப்பினால் முழு லிங்க் கிடைக்கும்.

பெரும்பாலும் சொதப்புவது இரண்டு இடத்தில். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் ஒரு நாள், சின்ன எழுத்தில் ஒரு நாள் என்று எழுதினால் இரண்டு தனித்தனி வரிசையாக நிற்கும். எல்லாம் சின்ன எழுத்து என்று முடிவு செய்து, பெயர்களை ஒரு ஷீட்டில் எழுதிவைத்து, கடையில் எல்லோரும் அதையே எடுக்கச் சொல்லுங்கள். இரண்டாவது, தளத்துக்கு உள்ளே ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும் லிங்க்கில் இதை ஒட்டவே கூடாது. ஒட்டினால் எங்கிருந்து வந்தார் என்ற கணக்கே குழம்பிவிடும். கூகுள் விளம்பரங்களுக்கு இது தேவையில்லை, அவை தானே அடையாளம் ஒட்டிக்கொள்ளும்.

7. கூகுள்ல என்ன தேடி எங்ககிட்ட வந்தாங்கன்னு பார்க்கணும். அனலிட்டிக்ஸ்ல தேடித் தேடிப் பார்த்துட்டேன், இல்லையே?

2011-இலிருந்தே கூகுள் தேடல் சொற்களை அனலிட்டிக்ஸுக்குக் கொடுப்பதைப் படிப்படியாக நிறுத்திவிட்டது. அதற்கு சர்ச் கன்சோல் என்ற தனி இடம் இருக்கிறது. இலவசம், 16 மாதக் கணக்கு கிடைக்கும். என்ன சொல்லைத் தேடும்போது உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் தட்டினார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்று இருக்கும். மிக அபூர்வமாகத் தேடப்படும் சொற்களைத் தனியுரிமைக்காக மறைத்துவிடுவார்கள். அதனால் சொற்களைக் கூட்டினால் மொத்தத்தோடு பொருந்தாது, அதை விட்டுவிடுங்கள்.

ஒரே கருவிதான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் நான் அனலிட்டிக்ஸை விட்டுவிட்டு இதைத்தான் பார்ப்பேன். நிறையக் காட்டப்பட்டு எட்டாவது இடம் முதல் இருபதாவது இடம் வரை நிற்கும் சொற்களை எடுங்கள். அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் செப்பனிட்டாலே மேலே வர வாய்ப்பு இருக்கிறது. முதல் மூன்று இடத்தில் இருந்தும் யாரும் தட்டவில்லை என்றால் தலைப்பைச் சந்தேகப்படுங்கள். 'முகப்பு' என்று மட்டும் தலைப்பு வைத்த தளங்கள் இன்னும் இருக்கின்றன.

தமிழ் வாடிக்கையாளர் ஒரே பொருளை மூன்று விதமாகத் தேடுவார்: தமிழ் எழுத்தில் 'செக்கு நல்லெண்ணெய்', அதையே ஆங்கில எழுத்தில், அப்புறம் முழு ஆங்கிலத்தில் 'கோல்ட் பிரஸ்டு செசமி ஆயில்' என்று. மூன்றிலும் உங்கள் பக்கம் வருகிறதா என்று பாருங்கள். தமிழில் எழுதித் தேடுகிறவர்களுக்கு முழு ஆங்கிலப் பக்கம் காட்டப்பட்டால் தட்டுவது குறையும். பக்கத்தின் தலைப்பில் தமிழ்ப் பெயரையும் சேர்த்து எழுதுவதற்குக் காசு எதுவும் ஆகாது.

8. பவுன்ஸ் ரேட் 70 சதவீதம். எங்க சைட் அவ்வளவு மோசமா?

பழைய அனலிட்டிக்ஸில் ஒரே பக்கம் பார்த்துவிட்டுப் போனால் பவுன்ஸ். ஜி.ஏ.4-இல் அர்த்தம் வேறு. பத்து விநாடிக்கு மேல் இருந்தாலோ, இரண்டு பக்கம் பார்த்தாலோ, கீ ஈவென்ட் நடந்தாலோ அது ஈடுபட்ட செஷன். அது அல்லாதது பவுன்ஸ். பழைய எண்ணோடு இதை ஒப்பிட்டால் தப்பான முடிவுக்குத்தான் வருவீர்கள்.

பக்கத்தைப் பொறுத்தும் மாறும். 'தொடர்புக்கு' பக்கத்துக்கு வந்து ஐந்தாவது விநாடியில் கடை நேரத்தைப் பார்த்துவிட்டுப் போனவர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டுதான் போனார். காசு கொடுத்து விளம்பரம் செய்யும் பக்கத்தில் 70 சதவீதம் என்றால் அது கவலைப்பட வேண்டிய விஷயம்.

9. கூட்டம் வருது, யாரும் வாங்க மாட்டேங்கிறாங்க. எங்கே ஓட்டைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

படிப்படியாக எண்ணுங்கள். பொருளின் பக்கத்தைப் பார்த்தவர்கள் 1,000. கூடையில் போட்டவர்கள் 90. முகவரி நிரப்பும் பக்கத்துக்குப் போனவர்கள் 70. பணம் கட்டியவர்கள் 18. இங்கே ஓட்டை கடைசிப் படியில், அதாவது 70-க்கும் 18-க்கும் நடுவே. விளம்பரத்தையும் முகப்புப் பக்கத்தையும் மாற்றி ஒரு பிரயோசனமும் இல்லை. பெரும்பாலும் அங்கே இருப்பது அதுவரை சொல்லாத கூரியர் கட்டணம், 'கணக்கு தொடங்கினால்தான் வாங்கலாம்' என்ற கட்டாயம், யு.பி.ஐ. வசதி இல்லாதது ஆகியவற்றில் ஒன்று. ஐந்து லிட்டர் எண்ணெய்க்குக் கூரியர் கட்டணம் சின்னத் தொகை இல்லை, அதைப் பொருளின் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

அதே கணக்கை மொபைல், கம்ப்யூட்டர் என்று பிரித்தும் பாருங்கள். தளத்தை வடிவமைக்கிறவர் பெரிய திரையில் வேலை செய்கிறார், வாங்குகிறவர் பஸ்ஸில் நின்றுகொண்டு போனில் பார்க்கிறார். மொபைலில் மட்டும் சரிவு என்றால் மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டியைப் போடுங்கள். இலவசம். வந்தவர்கள் எங்கே தட்டினார்கள், எங்கே திணறினார்கள் என்பதை வீடியோ மாதிரி ஓட்டிக் காட்டும். இருபது பதிவு பார்ப்பதற்குள் பட்டனை மறைத்துக்கொண்டு நிற்கும் பாப்-அப் மாதிரி ஏதாவது கண்ணில் படும்.

வேகமும் ஒரு காரணம். பக்கத்தின் முக்கியமான பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தட்டினால் 200 மில்லி விநாடிக்குள் அசைய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல், நான்கில் மூன்று வருகையிலாவது. பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் உங்கள் முகவரியைக் கொடுத்தால் சொல்லிவிடும். சின்னத் தளங்களில் தாமதத்துக்கு முதல் காரணம் போனில் எடுத்து அப்படியே ஏற்றிய ஐந்து எம்.பி. புகைப்படங்கள்தான்.

10. ஊர் வாரியா பார்த்தா எல்லாரும் சென்னைன்னு இருக்கு. நடுவுல ஆஷ்பர்ன்னு ஒரு ஊர் வேற. யார் அவங்க?

ஊர் என்பது ஐ.பி. முகவரியை வைத்து ஊகிப்பது. மொபைல் நெட்டில் கோபியில் இருப்பவரும் சென்னை என்று காட்டப்படலாம். மாநிலம், நாடு வரை நம்பலாம். ஊர் அளவில் விளம்பரப் பணத்தைப் பிரிக்க இந்தக் கணக்கு போதாது. டெலிவரி பின்கோடு உங்களிடமே இருக்கிறது, அதை எண்ணுங்கள்.

ஆஷ்பர்ன் அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கிறது. டேட்டா சென்டர்கள் குவிந்த ஊர். அங்கிருந்து வந்து ஒரு விநாடிகூட நிற்காமல் போனால் பெரும்பாலும் பாட்தான். மூன்றாவது பதிலில் சொன்ன வடிகட்டலில் தப்பித்தவை இவை.

11. விளம்பரத்துல 400 கிளிக்னு காசு எடுத்திருக்காங்க. அனலிட்டிக்ஸ்ல 290 தான். ஏமாத்துறாங்களா?

ஏமாற்று என்று உடனே சொல்ல முடியாது. தட்டியதும் கிளிக் பதிவாகிவிடும். பக்கம் திறந்தால்தான் செஷன். மெதுவான தளத்தில் வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டே திரும்பிவிடுகிறவர்கள், கை தவறித் தட்டியவர்கள் எல்லாம் இந்த 110-இல் அடக்கம். விளம்பரத் தடுப்பான் கணக்கும் உண்டு. கொஞ்சம் வித்தியாசம் எப்போதும் இருக்கும். கால்வாசிக்கு மேல் காணாமல் போனால் ஒன்பதாவது பதிலில் சொன்ன வேகத்தைப் பாருங்கள்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரம் என்றால் 'லிங்க் கிளிக்' என்ற இலக்குக்குப் பதிலாக 'லேண்டிங் பேஜ் வியூ' என்று மாற்றுங்கள். பக்கம் முழுதாகத் திறக்கும் வரை காத்திருக்கக்கூடியவர்களைத் தேடி அது காட்டும்.

12. எங்க ஆர்டர்ல பாதி பேமென்ட் கேட்வேல இருந்து வருதுன்னு ரிப்போர்ட் சொல்லுது. அவங்க எப்படி எங்களுக்கு ஆள் அனுப்புவாங்க?

அனுப்பவில்லை. வாடிக்கையாளர் பணம் கட்ட கேட்வே தளத்துக்குப் போய்த் திரும்பி வரும்போது, அங்கிருந்து வந்த புது ஆள் என்று கணக்கு எடுத்துக்கொள்கிறது. ஜி.ஏ.4 அமைப்பில் 'விலக்க வேண்டிய ரெஃபரல்கள்' பட்டியலில் கேட்வேயின் முகவரியைச் சேர்த்துவிடுங்கள். அன்றிலிருந்து சரியாகும், பழையது திருந்தாது.

13. போன மாசத்தைவிட 20 சதவீதம் குறைஞ்சிருக்கு. பதறணுமா?

முதலில் காலண்டரைப் பாருங்கள். கல்யாணத் தொழிலில் ஆடி மாதம் இறங்குவது எல்லா வருடமும் நடப்பது. போன வருடத்தோடு ஒப்பிடுவது மேல், ஆனால் அதிலும் பொறி இருக்கிறது. தீபாவளி 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. பலகாரம் சுட எண்ணெய் வாங்கும் கூட்டம் ஒரு வருடம் நவம்பரில் பாதி விழுகிறது, மறு வருடம் முழுக்க அக்டோபரிலேயே முடிந்துவிடுகிறது. மாதத்தை மாதத்தோடு வைத்தால் ஏற்றமும் இறக்கமும் வெறும் தேதி மாற்றமாக இருக்கும். தீபாவளிக்கு முந்தைய 30 நாளை, போன தீபாவளிக்கு முந்தைய 30 நாளோடு ஒப்பிடுங்கள்.

அதற்குப் பிறகும் குறைந்திருந்தால் எந்த வழி குறைந்தது என்று பாருங்கள். எல்லா வழியும் ஒரே நாளில் சரிந்தால் தளத்தை மாற்றியமைத்தபோது அனலிட்டிக்ஸுக்காகத் தளத்தில் ஒட்டிய நிரல் விட்டுப்போயிருக்கும். கூகுள் மட்டும் சரிந்தால் சர்ச் கன்சோல்.

14. பட்டன் நிறத்தை மாத்தினோம். மாசம் 25 ஆர்டர் இருந்தது 31 ஆச்சு. வெற்றிதானே?

சொல்ல முடியாது. எதையும் மாற்றாமலே இந்த ஏற்றம் வரும். மனக்கணக்காக, எண்ணின் வர்க்கமூலத்தை எடுங்கள். 25-க்கு 5. எதுவும் மாறாவிட்டாலும் மாதங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு 20-க்கும் 30-க்கும் நடுவே விழும், மீதி அதற்கு வெளியே. 31 அப்படிச் சாதாரணமாகவே கொஞ்சம் வெளியே விழக்கூடிய எண்தான்.

வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பழையதையும் பாதிப் பேருக்குப் புதியதையும் காட்டி, முறையாக ஏ/பி சோதனை செய்யலாமே என்பார்கள். நூற்றுக்கு 2 பேர் வாங்குவது 2.5 ஆனதா என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல, பழையதற்கும் புதியதற்கும் தலா சுமார் 14,000 பேர் வர வேண்டும். தினமும் 200 பேர் வரும் தளத்துக்கு அது நான்கு மாதத்துக்கும் மேலே. சின்னத் தளங்கள் நிறத்தையும் எழுத்துருவையும் சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம் என்பது என் கருத்து. கூரியர் கட்டணத்தை விலையோடு சேர்ப்பது, பொருளின் பக்கத்தைத் தமிழில் எழுதுவது மாதிரி பெரிய மாற்றம் செய்யுங்கள். வித்தியாசம் இருந்தால் கண்ணுக்கே தெரியும்.

15. இன்ஸ்டாகிராம் ரீல்ஸ்ல இருந்து ஒரு ஆர்டர்கூட இல்லைன்னு ரிப்போர்ட் காட்டுது. நிறுத்திடலாமா?

அவசரப்பட வேண்டாம். ரீல் பார்த்தவர் அப்போதே வாங்குவது குறைவு. கடைப் பெயரை நினைவில் வைத்து, சம்பளம் வந்த பிறகு கூகுளில் அந்தப் பெயரைத் தேடி வருவார். ஆர்டர் கூகுள் கணக்கில் ஏறும். சர்ச் கன்சோலில் உங்கள் கடைப் பெயரைத் தேடியவர்கள் எண்ணிக்கை ரீல்ஸ் போட்ட வாரங்களில் ஏறுகிறதா என்று பாருங்கள். ஐந்தாவது பதிலில் சொன்ன 'டைரக்ட்' மூட்டையும் கூடவே வீங்கும்.

இதைவிட எளிய வழி, ஆர்டர் முடிந்ததும் 'எங்களைப் பற்றி எப்படித் தெரிந்தது?' என்று ஒரே ஒரு கேள்வி. வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுப்பவர்கள் பேச்சோடு பேச்சாகக் கேட்கலாம். இரண்டு மாதம் கேட்டும் ஒருவரும் ரீல் என்று சொல்லவில்லை என்றால் தாராளமாக நிறுத்துங்கள்.

16. வர்றவங்க விவரத்தைச் சேமிக்கிறது சட்டப்படி சரியா?

மொத்த எண்ணிக்கையைப் பார்ப்பதில் சிக்கல் குறைவு. பெயர், போன் நம்பர், மின்னஞ்சல் அனலிட்டிக்ஸுக்குள் போகவே கூடாது, கூகுளின் விதியே அதைத் தடுக்கிறது. தெரியாமல் போவது இப்படித்தான்: விசாரணைப் படிவத்தை அனுப்பியதும் நிரப்பிய போன் நம்பர் அடுத்த பக்கத்தின் முகவரியிலேயே தெரியும், அனலிட்டிக்ஸ் அந்த முகவரியை அப்படியே பதிவு செய்யும். உங்கள் படிவத்தை ஒரு முறை நீங்களே நிரப்பி மேலே முகவரிப் பட்டையைப் பாருங்கள்.

இந்தியாவில் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பிரான்ஸ், ஜெர்மனியில் இருக்கும் நம்மவர்களுக்கும் விற்கிறீர்கள் என்றால் அங்கே குக்கீ வைப்பதற்கு முன்பே சம்மதம் கேட்க வேண்டும். இந்தத் தொல்லையைக் குறைக்க நினைத்தால் குக்கீயே வைக்காத பிளாசிபிள், சொந்த சர்வரில் வைத்துக்கொள்ளக்கூடிய மாட்டோமோ என்று மாற்றுகள் உண்டு.

17. ஏஜென்சி மாசாமாசம் முப்பது பக்கம் ரிப்போர்ட் அனுப்புறாங்க. நான் என்ன கேட்கணும்?

முதல் பதிலில் முடிவு செய்த அந்த ஒன்றிரண்டு காரியம் எத்தனை நடந்தது, எந்த வழியில் வந்தவர்களால் நடந்தது, ஒன்றுக்கு எவ்வளவு செலவானது, அடுத்த மாதம் எதை மாற்றப்போகிறீர்கள். இந்த நான்கும் ஒரு பக்கத்தில் அடங்கும். மீதி 29 பக்கத்தை நான் படிப்பதில்லை.

அதைவிட முக்கியம் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பது. அனலிட்டிக்ஸ், சர்ச் கன்சோல், விளம்பரக் கணக்கு மூன்றும் உங்கள் சொந்த ஜிமெயிலில் தொடங்கி, ஏஜென்சிக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். அவர்கள் பெயரில் இருந்தால் பிரியும்போது பழைய கணக்கும் அவர்களோடு போய்விடும். ஜி.ஏ.4 அமைப்பில் தரவை வைத்திருக்கும் காலம் தொடக்கத்தில் இரண்டு மாதம் என்றிருக்கும், அதை 14 மாதமாக மாற்றச் சொல்லுங்கள். 'எக்ஸ்ப்ளோர்' பகுதியில் போன வருடத்தோடு ஒப்பிட அது வேண்டும். மாத எண்களை ஒரு ஷீட்டிலும் எழுதிவையுங்கள். பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலையில் எண்ணுவதை நிறுத்தி, மறு வருடம் ஜூலையில் முழுதாக மூடப்பட்டபோது, எழுதிவைத்தவர்களிடம் மட்டும்தான் அதற்கு முந்தைய வருடங்களின் கணக்கு மிஞ்சியது.